உள்ளட்டையில் ஒட்ட வேண்டிய காகிதம்

என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு புக்பிளேட்டுகள் இருக்கின்றன. அத்தனையும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. புக்பிளேட் என்றால் என்ன என்று கேட்காத ஒருவரைத் திருமுல்லைவாயிலில் நான் இதுவரை பார்த்ததில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் முன்னட்டைக்கு உள்பக்கம், 'இது இன்னாருடைய புத்தகம்' என்று படத்தோடு அச்சடித்து ஒட்டும் சிறு காகிதம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அவ்வளவுதான். இதையும் சேர்க்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. சேர்க்கிறார்கள். ஈ, எறும்பைச் சேர்ப்பவனும் இருக்கிறான்.

இந்த வியாதி எனக்கு மெல்போர்னில் பிடித்தது. மகள் அங்கே இருக்கிறாள். முதல் தடவை போனபோது நூற்று எழுபத்திரண்டு நாட்கள் இருந்தேன். அதில் நூற்று அறுபது நாட்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பழைய சாமான் கடையில் ஒரு பெட்டிப் புத்தகம் வாங்கினேன். பதினொரு புத்தகங்கள், அவற்றில் ஏழில் இந்தக் காகிதம். ஏழில் மூன்றில் சிங்கம், கேடயம், லத்தீன் வாசகம். ஆடு மேய்க்கப் போன இடத்தில் இவர்களுக்கு எங்கிருந்து சிங்கம் வந்தது என்று தோன்றியது. அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

தேடியதில் தெரிந்த சரித்திரம் இது. இங்கிலாந்திலிருந்து முதலில் போன அதிகாரிகள் தங்கள் குடும்ப முத்திரைகளை ஊரிலேயே அச்சடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் போனவர்களுக்குக் குடும்ப முத்திரை கிடையாது. பலருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான குடும்பமே கிடையாது. ஆனால் கம்பளி விற்று வசதி வந்ததும் அவர்களுக்கும் கேடயம் வேண்டியிருந்தது. அதைச் செப்புத் தகட்டில் செதுக்கிக் கொடுக்க ஆள்? கள்ளநோட்டு அச்சடித்துப் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டவர்களில் கைவேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். நோட்டை அடித்த கை முத்திரையை அடித்தது. ஒன்றுக்குத் தண்டனை, இன்னொன்றுக்குக் கூலி. மற்றபடி இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் பைத்தியம் முற்றியது. கேடயம் போய் மரக்கட்டைச் செதுக்கல் வந்தது. கங்காரு வந்தது, யூகலிப்டஸ் வந்தது, சிரிக்கிற மீன்கொத்தி வந்தது. நியூசிலாந்தில் பெரணி இலையும், மாவோரி மக்களின் சுருள் சித்திரமும் வந்தன. அந்த மக்களின் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாத வக்கீல்கள் அந்தச் சுருளுக்கு நடுவில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். நல்ல வேலைப்பாடு என்பதை மறுக்க மாட்டேன். முப்பத்தாறு வருடம் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் கோடு போட்டவன் நான். நல்ல கோடு எது என்று எனக்குத் தெரியும். என்னிடமுள்ள நானூற்றுப் பன்னிரண்டில் மரம் எழுபத்தொன்பது, கப்பல் ஐம்பத்தாறு, துணியில்லாத பெண் முப்பத்தெட்டு, கங்காரு இருபத்தேழு. ஒரு மனிதன் உட்கார்ந்து புத்தகம் படிப்பது ஒன்பதே ஒன்பது.

உச்சக்கட்டம் இதுதான்: சங்கம் வைத்தார்கள். நீ உன் பிளேட்டை எனக்குக் கொடு, நான் என்னுடையதை உனக்குத் தருகிறேன் என்று மாற்றிக்கொண்டார்கள். மாற்றுவதற்கென்றே அச்சடித்தார்கள். ஒருவருக்கே ஆறு, ஏழு விதம். புத்தகத்தில் ஒட்டுவதற்கு என்று பிறந்த காகிதம் கடைசிவரை புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய புத்தகத்திலிருந்து பிளேட்டை ஆவி காட்டி உரித்துக்கொண்டு புத்தகத்தைக் குப்பையில் போட்டார்கள். தேங்காயை எறிந்துவிட்டு நாரைப் பத்திரப்படுத்தும் கூட்டம்.

இரண்டாம் தடவை மெல்போர்ன் போனபோது அப்படி ஒரு கூட்டத்துக்கே போனேன். பதினான்கு பேர். சராசரி வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. ஒருவர்கூடப் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு கிழவி மட்டும், நியூசிலாந்தின் தெற்குக் கோடியிலிருந்து வந்திருந்தவர், என் பக்கம் சாய்ந்து, "இவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் புத்தக அலமாரி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். மூன்று என்றேன். அவர் இரண்டு என்றார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஆறு வருடம் நடந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு மின்னஞ்சலில் மூன்று வரிக்கு மேல் எழுத மாட்டார்.

அவரிடம் ஒரு பிளேட் இருந்தது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த ஒருவருடையது. அவரிடம் இருந்த மொத்தப் புத்தகங்கள் நாற்பத்து மூன்று. கங்காரு இல்லை, சிங்கம் இல்லை, பெண் இல்லை. இரும்பைக் கடையும் ஒரு லேத் இயந்திரம், அதன்மேல் திறந்து கவிழ்த்து வைத்த ஒரு புத்தகம். செதுக்கியவர் பேர்பெற்ற ஓவியர். ஆனால் மரக்கட்டையில் லேத்தை நேராக வரைந்துவிட்டார். அச்சில் அது இடம்வலமாகப் புரண்டுவிட்டது. லேத்தின் சுழலும் தலைப்பகுதி, ஹெட்ஸ்டாக், வலப்பக்கம் வந்துவிட்டது. உலகத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஹெட்ஸ்டாக் இடது கைப்பக்கம்தான். ஃபிட்டர், "இந்த மெஷினில் என்னால் வேலை செய்ய முடியாது" என்று எழுதி அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஓவியர் மறுபடி செதுக்கினார். திருத்திய பிளேட்டில் நாற்பத்து மூன்றுதான் அச்சடித்தது. நாற்பத்து மூன்றும் ஒட்டப்பட்டது. ஃபிட்டர் இறந்த பிறகு புத்தகங்கள் சிதறின. அட்டை பிய்ந்துபோன ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த ஒன்று கிழவியிடம் வந்து சேர்ந்திருந்தது.

என் வேலைக்காலத்தில் தப்பான படத்தைத் திருப்பி அனுப்பிய தொழிலாளியை நான் பார்த்ததில்லை. தப்பாகவே செய்து வைத்துவிட்டு, "டிராயிங்ல அப்டித்தான் சார் கீது" என்பார்கள். அதனால்தான் அந்த ஒன்றின் மேல் ஆசை.

கேட்டேன். பதில் மூன்று வரி. விற்பதில்லை. பிளேட்டுக்குப் பிளேட்தான். ஆனால் மாற்றுவதற்கென்று அடித்த பிளேட் வேண்டாம், உங்கள் புத்தகங்களின் உள்ளட்டையில் உண்மையாகவே ஒட்டியிருக்கும் பிளேட்டாக இருந்தால் ஒன்று அனுப்புங்கள், ஒட்டியதைப் படம் எடுத்துக் காட்டுங்கள்.

நியாயமான நிபந்தனை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

என்னிடம் முந்நூற்றுப் பதினெட்டுப் புத்தகங்கள். எனக்கான பிளேட்டை நானே வரைந்தேன். டிராயிங் தாளின் வலது கீழ்மூலையில் பெயர், அளவு, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதுவேதான், வேறு ஒரு அலங்காரமும் இல்லை. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் முந்நூற்றைம்பது அடித்து வாங்கினேன். அது போக, சரிபார்க்க முதலில் அடித்துத் தந்த ஒன்றை, ஒட்டிய படம் பின்னால் வரும் என்று சொல்லிக் கிழவிக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். டிசம்பர் கடைசி. ஒட்டலாம் என்று உட்காரும்போது கண்புரை ஆபரேஷனுக்கு நாள் வந்துவிட்டது. பத்து நாட்கள் குனியக் கூடாது, படிக்கக் கூடாது, தூசி கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்பத்தூரிலேயே மைத்துனன் வீட்டில் கிடந்தேன்.

அந்தப் பத்து நாட்களில்தான் என் மனைவியும் என் நண்பரும் சேர்ந்து எனக்கு உதவி செய்தார்கள்.

நண்பர் என்று சொல்வது வழக்கத்துக்காக. அவர் அதே தொழிற்சாலையில் லேத்தில் கடைசல் வேலை பார்த்த டர்னர். பாரிவாக்கத்து ஆள். அப்பா நெல் விளைத்த நிலத்தில் இப்போது மூன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. முப்பது வருடமாக நான் வரைந்ததை அவர் கடைந்தார், அவர் கடைந்ததை நான் குறை சொன்னேன். ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் நான்கு நாள் என் வீட்டில் காப்பி குடிக்க வருவார். "மேஜை மேல முந்நூத்தம்பது லேபிள் இருக்கு, எல்லா புஸ்தகத்துக்கும் ஒட்டணுமாம்" என்று என் மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள். லேபிள் என்ற சொல் காதில் விழுந்ததும் இருவருக்கும் ஒரே யோசனைதான் வந்திருக்கிறது. இந்த ஊரில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அதுதான் வரும்.

நான் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தேன். புதுக் கண்ணில் உலகம் பளிச்சென்று தெரிந்தது. முந்நூற்றுப் பதினெட்டுப் புத்தகங்களும் பழுப்பு நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பிரவுன் ஷீட் அட்டை போட்டு, மூலை மடித்து, அட்டையின் வெளிப்பக்கம், நட்டநடுவில், என் பிளேட். ஜூன் மாதத்து ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாதிரி இருந்தது.

"இன்னா சார், கண்ணு எப்டி கீது?" என்றார் டர்னர், பின்னாலிருந்து.

"நல்லாத் தெரியுது. அதான் கஷ்டமா இருக்கு."

"எட்டு நாளு சார். உக்காந்து ஒட்டிக்கினே இருந்தோம். இடுப்பு போச்சு. மைதாவுல மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை. பூச்சி கிட்ட வராது."

"இதை உள்ள ஒட்டணும்யா. அட்டைக்கு உள்பக்கம்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உள்ள ஒட்டினா எவன் கண்ணுக்குத் தெரியும்? ஊட்டு நேம்போர்ட ஊட்டுக்குள்ளயா மாட்டுவாங்க?"

என் மனைவி சமையலறையிலிருந்து, "நாலு பேருக்குத் தெரியட்டும்னுதானே பேரு அடிச்சீங்க. வெளியில இருந்தாத் திருடன்கூட யோசிப்பான்" என்றாள்.

"உன் புருஷன் புஸ்தகத்தைத் திருட வர்ற திருடன் இன்னும் பொறக்கல. முதுகுல புஸ்தகத்து பேரு எங்கே? எல்லாம் பிரவுன் ஷீட். எது எதுன்னு நான் எப்படித் தேடுவேன்?"

"அது இன்னா சார் பெரிய விசயம்," என்றார் டர்னர். "லேபிள்ல கட்டம் ஒண்ணு காலியா கீதே, 'சரிபார்த்தவர்'னு. அதுல நம்பர் போட்ருக்கேன் பாரு. ஒண்ணுலேந்து முந்நூத்திப் பதினெட்டு வரிக்கும். அக்காதான் எண்ணிச்சு."

நம்பர் போட்டிருந்தார். பால்பாயிண்டில். எந்த நம்பர் எந்தப் புத்தகம் என்று மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

திட்டித் தீர்த்தேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. டர்னர் காப்பியை முடித்துவிட்டு, "கண்ணு ஆபரேசன் பண்ணவரு இவ்ளோ கத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லலியா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கிழவியின் மின்னஞ்சல் வந்தது. நான்கு வரி இருந்தது. அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. அவருக்கு உடம்பு சரியில்லை, முதியோர் இல்லத்துக்குப் போகிறார். தொகுப்பு முழுவதையும் ஒரு நூலகத்துக்குக் கொடுக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஃபிட்டரின் பிளேட் வேண்டுமானால் அதற்குள் படம் வந்தாக வேண்டும், அதன் பிறகு அது என்னுடையதல்ல என்று முடித்திருந்தார்.

அன்று ஞாயிறு. மீதமிருந்த பிளேட்டுகள் முப்பத்திரண்டு. அச்சகத்துக்குப் போன் செய்தேன். பொங்கலுக்குச் சாத்திவிட்டார்கள், அடுத்த திங்கள்தான் திறப்பார்களாம். இந்த ஊரில் பொங்கலுக்கு நான்கு நாள் என்றால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சேர்த்து எட்டு. பிரவுன் ஷீட்டிலிருந்து உரிக்கலாம் என்று திங்களன்று பன்னிரண்டு அட்டைகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். பிரவுன் ஷீட் கரைந்தது. என் பிளேட்டும் கூடவே கரைந்தது. பசை மட்டும் இருந்தது. மயில்துத்தத்தின் பெருமையை அன்று நேரில் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை முப்பத்திரண்டு புத்தகங்களை எடுத்து, பிரவுன் ஷீட்டைக் கழற்றி, உள்ளட்டையில் ஒட்டினேன். மேஜைமேல் எட்டு வரிசை, வரிசைக்கு நான்கு, எல்லாம் திறந்தபடி. டர்னர் தன் போனில் படம் எடுத்தார். நல்ல படம். பின்னால் அலமாரி தெரிந்தது. அதன் கண்ணாடிக் கதவைத் துணிபோட்டு மூடியவன் நான்தான். பழுப்பு தெரியக்கூடாதே.

படத்தை அனுப்பிய ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஒரே வரி: மொத்தம் எத்தனை புத்தகங்கள், எல்லாவற்றிலும் ஒட்டியாயிற்றா?

நான் எண்ணுபவன். படிக்கட்டை எண்ணுவேன், ரயில் பெட்டியை எண்ணுவேன், கல்யாண வீட்டில் இலையை எண்ணுவேன். யார் எண்ணிக்கை கேட்டாலும் தவறாமல் சொல்வேன். 32 என்று தட்டினேன். அழித்தேன். 318 என்று தட்டினேன். முந்நூற்றுப் பதினெட்டிலும் பிளேட் ஒட்டித்தானே இருக்கிறது, வெளியிலா உள்ளேயா என்று இந்த வரியில் அவர் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் தர வக்கீல் பேச்சு. 'முந்நூற்றுப் பதினெட்டு. எல்லாவற்றிலும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற டர்னர், "இன்னா சார் எயுதினே?" என்றார்.

"முந்நூத்திப் பதினெட்டு."

"பன்னெண்டு வாளியில போச்சே."

அதை மறந்தே போயிருந்தேன். பொய்யிலும் கணக்குத் தப்பு.

இருபத்து மூன்று நாள் கழித்துப் பிளேட் வந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவில், மெல்லிய தாளில் சுற்றி. லேத் கச்சிதமாக இருந்தது. ஹெட்ஸ்டாக் இடது பக்கம். லேத் படுக்கையின் சரிவு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் மூன்று தாடைகள், எல்லாம் சரி. டர்னர் என் உருப்பெருக்கியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இவன் மெஷின்ல நின்னவன் சார்," என்றார். முப்பது வருடத்தில் எந்தப் படத்தைப் பற்றியும் அவர் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

உறையில் இன்னொரு தாளும் இருந்தது. நூலகத்துப் பட்டியலின் ஒரு பக்கத்தின் நகல். நான் அனுப்பிய என் பிளேட்டையும் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். கீழே குறிப்பு: 'உரிமையாளர், இந்தியாவில் ஒரு தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற வரைவாளர். வடிவமைப்பும் அவரே. முந்நூற்றுப் பதினெட்டு நூல்கள், அனைத்திலும் முன்னட்டையின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ளது. உரிமையாளர் உறுதி செய்தது.' அதன் ஓரத்தில் கிழவி பென்சிலால் எழுதியிருந்தார்: 'கடைசியில் ஒருவர்.'

அவருக்கு உண்மையை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்தேன். பிறகு அனுப்பினேன். பதில் வரவில்லை. இல்லத்தில் மின்னஞ்சல் பார்க்க முடிகிறதோ இல்லையோ, அவர் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. நூலகத்துக்கும் எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி, எங்கள் வேலைநேரம் இது என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. ஒரு தப்பு காகிதத்தில் ஏறிவிட்டால் அதை இறக்க எந்த நாட்டிலும் ஆள் கிடையாது.

டர்னரிடம் விஷயத்தைத் தமிழில் சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"அப்ப ஒட்டிடு சார்."

"என்னத்த?"

"மீதிய. அவங்க முந்நூத்திப் பதினெட்டுன்னு எயுதிக்கினாங்க. நீ ஒட்டிட்டா முந்நூத்திப் பதினெட்டு. டிராயிங்ல இன்னா கீதோ அத்த ஜாப்புல கொண்டாறணும். நீதான கத்துவே?"

கத்தியிருக்கிறேன். ஆனால் தொழிற்சாலையில் நடந்தது எப்போதும் மறுபக்கம். இவர்கள் ஜாப்பைத் தப்பாகக் கடைந்து வைப்பார்கள், மேலே கூட்டம் போடுவார்கள், கடைசியில் தப்பான ஜாப்புக்கு ஏற்றபடி என் டிராயிங்கைத் திருத்தச் சொல்வார்கள். முப்பத்தாறு வருடத்தில் நூற்றுத் தொண்ணூறு தடவை திருத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் திருப்பி அனுப்பவில்லை.

முந்நூறு பிளேட் மறுபடி அடித்து வாங்கினேன். இன்னும் ஒட்ட வேண்டியது இருநூற்று எண்பத்தாறு. காலையில் நான்கு, மாலையில் மூன்று. அதற்கு மேல் கண் ஒத்துழைக்காது. டர்னர் பசை காய்ச்சித் தருவதாகச் சொன்னார், மயில்துத்தம் வேண்டாம் என்றேன். "பூச்சி வந்தா என்ன கேக்காத," என்றார். பிரவுன் ஷீட்டை மட்டும் கழற்ற விடமாட்டோம் என்கிறார்கள் அவரும் என் மனைவியும். எட்டு நாள் உழைப்பாம். அதனால் என் புத்தகங்களுக்கு இப்போது வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருநூறு வருடத்தில் இத்தனை முட்டாள்தனத்தை ஒரு புத்தகத்தின்மேல் யாரும் ஒட்டியதாகத் தெரியவில்லை.

ஃபிட்டரின் பிளேட்டை ஆல்பத்தில் இன்னும் வைக்கவில்லை. எண்ணிக்கையில் சேர்க்கவும் இல்லை. மேலே சொன்ன நானூற்றுப் பன்னிரண்டு அது இல்லாமல். நேற்றோடு நூற்று நாற்பத்தேழு ஒட்டியாயிற்று. இன்று காலை நான்கு. மூன்றாவதை ஒட்டும்போது டர்னர் வந்து, கோணல் என்றார். அளந்து பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் கோணல். உரித்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.